துப்பறிகிறவர் கையில் என்ன கொடுப்பது? மல்டிபிளேயர் கேமுக்கு விசாரணைக் கருவிகள் வடிவமைக்கும் முழு வழிகாட்டி

ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு ஆடாத பிள்ளைகள் தஞ்சாவூர்ப் பக்கம் குறைவு. போலீஸ் சீட்டு வந்தவனுக்கு அந்த ஆட்டத்தில் ஒரு கருவியும் கிடையாது. எதிரே இருப்பவர்களின் மூஞ்சியைப் பார்த்தே திருடனைச் சொல்ல வேண்டும். 1986இல் மாஸ்கோவில் டிமிட்ரி டேவிடாஃப் உருவாக்கிய மாஃபியா ஆட்டமும் பேச்சையும் முகத்தையும் நம்பி ஓடுவதுதான்.

ஆன்லைனில் ஆடும்போது முகம் தெரியாது. மைக் இருந்தால் குரல் கேட்கும், பல பேர் அதையும் போட மாட்டார்கள். இழந்த முகத்துக்குப் பதிலாக வேறு ஏதாவது கொடுத்தாக வேண்டும். அதுதான் விசாரணைக் கருவி. ஆனால் அந்தக் கருவி குற்றவாளியின் பெயரையே சொல்லிவிட்டால் மற்ற ஆட்டக்காரர்களுக்கு வேலை இல்லை. ஒன்றுமே சொல்லாவிட்டால் துப்பறிகிறவர் என்ற வேடமே வீண். கருவி கொடுக்க வேண்டியது, இன்னொரு ஆட்டக்காரரிடம் போய்க் கேட்கத் தகுந்த ஒரு கேள்வி. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒன்றை நோக்கித்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கேமை முழுக்க எடுத்துக்கொள்வோம். வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் கடைமடையில் ஒரு ஊர். பத்துப் பேர் ஆடுகிறார்கள். இரண்டு பேர் குற்றவாளிகள், ஒருவர் துப்பறிகிறவர், மீதிப் பேர் ஊர்க்காரர்கள். மேப்பில் மதகு, மோட்டார் கொட்டகை, களம், நெல் கொள்முதல் நிலையம், ரைஸ் மில், டீக்கடை, ஆலமரத்தடி. அவ்வப்போது எல்லோரும் ஆலமரத்தடியில் கூடிப் பேசி ஒருவரை ஊர்விலக்கு வைப்பார்கள். அதற்குப் பஞ்சாயத்து என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

படி 1: முதலில் குற்றத்தை வடிவமையுங்கள்

கருவியிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் அதிகம். பூதக்கண்ணாடி, கைரேகைப் பொடி, மோப்ப நாய் என்று ஐகான்கள் வரைந்துவிட்டு அப்புறம் அதற்கு வேலை தேடுவார்கள். தலைகீழாகப் போங்கள். குற்றம் என்ன, அது நடக்கும்போது உலகத்தில் தானாகவே என்ன மாறுகிறது என்று முதலில் எழுதுங்கள்.

நம் ஊரில் மூன்று குற்றங்கள். ராத்திரியில் மதகு ஷட்டரைத் தூக்கித் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடுவது. மோட்டார் கொட்டகையில் ஒயரை அறுத்துக்கொண்டு போவது. கொள்முதல் நிலையத்தில் காய்ந்த நெல் மூட்டையை எடுத்துவிட்டு ஈர மூட்டையை வைப்பது. கொலை வைக்கவில்லை. கொலை வைத்தால் செத்தவர் ஆட்டம் முடியும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதைவிட, பறிகொடுத்தவரே பஞ்சாயத்துக்கு வந்து கத்தினால் ஆட்டம் சூடாக இருக்கும். தண்ணீர் போச்சே என்று கடைமடைக்காரர் போடும் சத்தத்தை டெல்டாவில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு தாளில் நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: எங்கே, எப்போது, எதைக் கொண்டு, எந்த வழியாக வந்து போனார். ஷட்டருக்கு எழுதினால், வரப்பில் கால்தடம் விழும், வயலில் நீர்மட்டம் ஏறும், ஷட்டர் திருகும் கம்பியில் கிரீஸ் இருப்பதால் கையில் ஒட்டும், டீக்கடை வழியாகத்தான் மதகுக்கு ரோடு. நான்கு தடயம். ஒரு தடயமும் விடாத குற்றம் இருந்தால் அதை மாற்றுங்கள், இல்லையென்றால் குற்றவாளிகள் எப்போதும் அதையே செய்வார்கள்.

படி 2: எவ்வளவு சொல்லலாம் என்று கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் பலருக்கும் ஆசை. தாண்டாதீர்கள், பள்ளிக்கூடக் கணக்குதான்.

துப்பறிகிறவர் தன்னைக் கழித்துவிட்டால் 9 பேர். அதில் குற்றவாளிகள் 2 பேர் என்றால் 36 ஜோடிகளுக்கு வாய்ப்பு உண்டு. ஒரு கருவி ‘இந்த மூன்று பேரில் ஒருவராவது குற்றவாளி’ என்று காட்டினால் 36 என்பது 21 ஆகிறது. வேறொரு மூன்று பேரைப் பற்றி அதே மாதிரி இரண்டாவது தடயம் வந்தால் 9 ஜோடிதான் மிச்சம். ஒரே கருவி ‘இவர்தான்’ என்று ஒரு பெயரைச் சொன்னால் மிஞ்சுவது 8. அதாவது, பெயரைச் சொல்லாத இரண்டு தடயங்கள் சேர்ந்து பெயர் சொல்லும் ஒரு தடயத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாகின்றன. வித்தியாசம், நடுவில் பேச்சு நடக்கிறது.

இன்னொரு சுவையான இடமும் இதில் உண்டு. இரண்டு தடயங்களின் பட்டியலிலும் ஒரு பெயர் பொதுவாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 12 ஜோடிகள் மிஞ்சும். பஞ்சாயத்தில் எல்லோரும் அந்தப் பொதுப் பெயர்மேல்தான் பாய்வார்கள். ஆனால் 12இல் 8 ஜோடிகளில்தான் அவர் இருக்கிறார். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் அவர் அப்பாவி. குற்றவாளி ஒளிந்துகொள்வது அந்த மூன்றில் ஒரு பங்கில்தான். உங்கள் கேமில் இப்படிப்பட்ட இடம் வருகிறதா என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.

என் கணிப்பில், ஒரு பஞ்சாயத்துக்கு முன்னால் இந்த அளவுள்ள தடயம் இரண்டு கிடைத்தால் போதும். மூன்றாவது கிடைத்தால் ஆட்கள் பேசுவதை நிறுத்திவிட்டுக் கூட்டிக் கழிக்க உட்கார்ந்துவிடுவார்கள்.

படி 3: ஒரு கருவிக்கு ஒரு கேள்வி

யார், எப்போது, எங்கே, எவ்வளவு பேர், எந்தப் பக்கம் என்பவற்றில் ஒரு கருவி ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், அதுவும் அரைப் பதில். இதற்குப் பழைய நல்ல உதாரணம் ஸ்காட்லாந்து யார்டு என்ற பலகை ஆட்டம். 1983இல் ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ விருது வாங்கியது. தப்பி ஓடும் மிஸ்டர் எக்ஸ் எந்த வண்டியில் போனார் என்பது மட்டும் பெரும்பாலான முறை தெரியும். எங்கே நிற்கிறார் என்பது 3, 8, 13, 18, 24ஆம் நகர்வுகளில் மட்டும்தான் தெரியும். நடுவில் இருக்கும் இடைவெளியைப் பேசிப் பேசித்தான் நிரப்ப வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம்.

வரப்புக் கால்தடம். டெல்டா களிமண் ஈரமாக இருக்கும்போது மிதித்த தடத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். துப்பறிகிறவரை விட்டு மற்ற ஒன்பது பேரையும் வெறுங்கால், ரப்பர் செருப்பு, பூட்ஸ் என்று மும்மூன்று பேராகப் பிரித்துவிடுங்கள். தடம் சொல்வது காலணி வகையும் போன திசையும் மட்டும். வேலைக்குப் போன அப்பாவிகளின் தடமும் அதே வரப்பில் விழுந்திருக்கும் என்பதால், ‘ரப்பர் செருப்புப் போட்ட நீ மதகுப் பக்கம் எதற்குப் போனாய்?’ என்ற கேள்வி பிறக்கிறது.

நீர்க்குறி. எனக்கு இந்தத் தொகுப்பிலேயே மிகவும் பிடித்த கருவி இது. வயலில் ஒரு அளவுக் குச்சி. ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தால் நிமிடத்துக்கு 2 செ.மீ. ஏறும், பாதி திறந்திருந்தால் 1 செ.மீ. துப்பறிகிறவர் வந்து பார்க்கும்போது 4 செ.மீ. ஏறியிருக்கிறது. அப்படியானால் 2 நிமிடத்துக்கு முன்னால் முழுசாகத் திறந்தார்களா, 4 நிமிடத்துக்கு முன்னால் பாதி திறந்தார்களா? ஷட்டர் இப்போது இருக்கும் நிலையைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்றால், தெரியாது. நடுவில் யாராவது திருகியிருக்கலாம். ஆக, கருவி பொய் சொல்லவில்லை, முழு உண்மையையும் சொல்லவில்லை. பஞ்சாயத்தில் ‘நாலு நிமிடத்துக்கு முன்னால் நீ எங்கே, ரெண்டு நிமிடத்துக்கு முன்னால் எங்கே’ என்று இரண்டு வட்டம் கேட்க வேண்டியிருக்கும். இரண்டு நேரத்துக்கும் சாட்சி வைத்திருப்பவர்கள் மட்டும் தப்புவார்கள்.

ஈரப்பதமானி. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்குப் பொதுவான வரம்பு 17 சதவீதம். அதற்குமேல் போனால் எடுக்க மாட்டார்கள் என்பதால்தான் ரோட்டிலும் களத்திலும் நெல்லைக் காயப்போட்டுக் காத்துக்கிடக்கிறார்கள். கேமில் ஒவ்வொரு களத்து நெல்லுக்கும் ஒரு ஈரப்பதம் வையுங்கள்: கிழக்குக் களம் 19, கோயில் களம் 21, ரோட்டோரம் 16. மாற்றி வைத்த மூட்டையைச் சோதித்தால் அது எந்தக் களத்திலிருந்து வந்தது என்று தெரியும். மூட்டையைப் பற்றிய உண்மை அது, ஆளைப் பற்றியதல்ல. அந்தக் களத்துப் பக்கம் யார் இருந்தார்கள் என்று அங்கிருந்து விசாரணை கிளம்பும்.

டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னால், கடைசியாக மதகுப் பக்கம் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று மட்டும் மாஸ்டர் சொல்வார். பெயர் சொல்ல மாட்டார். 2018இல் வந்த அமாங் அஸ் கேமில் அட்மின் மேப் செய்வது இதைத்தான்: எந்த அறையில் எத்தனை பேர் என்று தெரியும், யார் என்று தெரியாது. ‘மூணு பேர் போனார்கள், ரெண்டு பேர்தான் வந்தார்கள்’ என்ற ஒரு வரி போதும், பஞ்சாயத்தில் பத்துப் பேரும் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

மில் கேமரா. பார்க்கிறவர் உட்கார்ந்திருக்கும்போது கேமராவில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அமாங் அஸ்ஸில் இப்படித்தான். குற்றவாளிக்கும் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிவது நியாயம்.

விரல் ரேகையை மட்டும் வைக்காதீர்கள். 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பிரிவு தொடங்கி, அசிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும் ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்ததே, ஆளைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காணத்தான். நிஜ போலீசுக்கு அது வரம். நம் ஆட்டத்துக்கு அது விஷம்.

படி 4: மறைக்க வழி வையுங்கள், மறைத்ததற்கும் தடயம் வையுங்கள்

ஒவ்வொரு கருவிக்கும் குற்றவாளி கையில் ஒரு மாற்று இருக்க வேண்டும். இல்லையென்றால் குற்றவாளியாக ஆடுகிறவருக்கு ஓடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. ஆனால் அந்த மாற்று இலவசமாகக் கிடைக்கக் கூடாது.

ஸ்பேஸ் ஸ்டேஷன் 13 என்ற பழைய கேமில் கையுறை போட்டுக்கொண்டால் ரேகை விழாது. ஆனால் கையுறையின் நூலிழை அங்கே ஒட்டிக்கொள்ளும். அந்தக் கருத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நம் குற்றவாளி வரப்பில் தடம் பதியாமல் இருக்க வாய்க்காலுக்குள் இறங்கி நடக்கட்டும். நடை பாதி வேகம்தான், அதனால் நேரம் போகும். கரையேறிய பிறகு கொஞ்ச நேரத்துக்கு வேட்டி நனைந்தே இருக்கும், பக்கத்தில் வந்தவர் பார்த்துவிடுவார். மில் கேமரா வேண்டாமென்றால் ஃபியூஸைப் பிடுங்கலாம். பிடுங்கினால் மில் விளக்கு அணைவது ஊருக்கே தெரியும், எத்தனை மணிக்கு என்பதும் தெரிந்துவிடும். அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போகலாம், ஆனால் அவர் செருப்பைக் கழற்றி வைக்கும் இடம் வரை போய் வர வேண்டும்.

இதில் ஒரு கண்டிப்பான விதி: பொய்யை ஆட்டக்காரர்கள்தான் சொல்ல வேண்டும், கருவி சொல்லக் கூடாது. ‘கால்தடம் ஐந்தில் ஒரு முறை தவறாகக் காட்டும்’ என்று பகடை உருட்டுகிற வடிவமைப்புகள் உண்டு. எண்களைச் சமன் செய்ய அது சுலபமான வழிதான். ஆனால் அப்பாவி ஒருவர் பகடையால் விலக்கப்பட்டால் அவருக்கு யார்மேல் கோபம் வரும்? கேம்மேல். அடுத்தவன் தன் செருப்பைத் திருடிப் போட்டுக்கொண்டு போனதால் விலக்கப்பட்டால் அந்தக் கோபம் அடுத்த ரவுண்டு ஆட வைக்கும்.

படி 5: கருவி யார் கையில்?

மூன்று வழி. எல்லோருக்கும் கருவி திறந்திருக்கலாம், அமாங் அஸ்ஸில் கேமராவும் அட்மின் மேப்பும் அப்படித்தான். துப்பறிகிறவர் ஒருவர் என்று எல்லோருக்கும் தெரிந்து அவரிடம் மட்டும் இருக்கலாம். அல்லது அவர் யார் என்றே தெரியாமல் இருக்கலாம்.

கேரிஸ் மாட் என்ற கேமுக்குள் ஓடும் டிரபிள் இன் டெரரிஸ்ட் டவுன் என்ற ஆட்டத்தில் இரண்டாவது வழி. துப்பறிகிறவர் யார் என்பது ஊருக்கே தெரியும், அவர் சொல் செல்லும். அவர் கையிலிருக்கும் டிஎன்ஏ ஸ்கேனர் கொன்றவர் இருக்கும் இடத்தையே காட்டும், ஆனால் மாதிரி நேரமாக ஆகக் கெட்டுப்போகும். கொன்றவர் பக்கத்திலிருந்து கொன்றிருந்தால் அதிக நேரம் தாங்கும், தூரத்திலிருந்து சுட்டிருந்தால் சீக்கிரம் போய்விடும். பலமான கருவிக்கு இப்படிக் காலாவதி வைப்பது கெட்டிக்காரத்தனம். நம் ஊரில் மோப்ப நாய்க்கு இதே முறை: ஒரு ரவுண்டுக்கு ஒரு தடவை, சில விநாடி திசை காட்டும், வாய்க்கால் வந்தால் மோப்பம் அறுந்துவிடும். டெல்டாவில் எந்தப் பக்கம் போனாலும் வாய்க்கால் வரும் என்பதால் இந்த விதி தானாகவே நாயை அடக்கி வைக்கும்.

நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழியில் ஒரு சின்னத் திருத்தம். கருவி துப்பறிகிறவரிடம்தான், ஆனால் அவர் பயன்படுத்தும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர்களும் முடிவைப் பார்க்கலாம். அப்படி வைத்தால் கூடவே இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு வருவார்கள். அந்த இருவரில் ஒருவர் குற்றவாளியாக இருக்கலாம். துப்பறிகிறவர் சொல்வதற்கும் சாட்சி கிடைக்கும், அவரைத் திசைதிருப்பவும் ஆள் கிடைக்கும்.

படி 6: பயன்படுத்துவதற்கு ஒரு விலை

நேரம், இடம், ஆபத்து. இந்த மூன்றில் ஒன்றையாவது கருவி கேட்க வேண்டும். நீர்க்குறியைப் படிக்க வயலுக்குள் இறங்க வேண்டும், டீக்கடையில் டீ வரும்வரை எழுந்திருக்க முடியாது, ஈரப்பதமானி கொள்முதல் நிலையத்தை விட்டு வெளியே வராது. பையில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் அழுத்துகிற மாதிரி ஒரு கருவியும் வேண்டாம்.

படி 7: பருவத்தை மாற்றினால் கருவியும் மாறட்டும்

ஒரே மேப்பைப் பல தடவை ஆட வைக்க இது மலிவான வழி, புது மேப் வரைவதைவிட வேலையும் குறைவு. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கிறது. தண்ணீர் கல்லணை வந்து சேரவே சில நாள் ஆகும், கடைமடைக்கு அதற்கும் மேல். அந்த நாள்களில் ஆடும் குறுவை மேப்பில் மண் வெடித்துக் கிடக்கும், தடம் விழாது, வாய்க்காலிலும் ஒளிய முடியாது, ஏனென்றால் அது காய்ந்த பள்ளம். அப்போது டீக்கடைதான் ராஜா. ஐப்பசி, கார்த்திகை மழை மேப்பில் தடம் நன்றாக விழும், ஆனால் அடுத்த மழையில் கரைந்துவிடும். நீர்க்குறியை மழைத்தண்ணீர் குழப்பும். மார்கழி மேப்பில் பனிமூட்டம், கேமராவில் உருவம் மட்டும் தெரியும். தை மாத அறுவடை மேப்பில் கொள்முதல் நிலையம் முழுக்க மூட்டை, ஈரப்பதமானிக்கு வேலை அதிகம். பருவத்துக்கு ஒரு கருவி பலமாகவும் ஒன்று பலவீனமாகவும் இருந்தால் போதும், எல்லாவற்றையும் மாற்றாதீர்கள்.

படி 8: பஞ்சாயத்துத் திரை

போனில் தமிழ் தட்டச்சு செய்து சண்டை போடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். அடிக்கடி வரும் வாக்கியங்களைப் பொத்தானாக வையுங்கள்: ‘நான் களத்தில் இருந்தேன்’, ‘என்கூட இவர் இருந்தார்’, ‘செருப்பைக் காட்டு’, ‘எத்தனை மணிக்கு?’ பெயரை அழுத்தினால் வாக்கியத்துக்குள் போய் உட்கார வேண்டும். துப்பறிகிறவரின் குறிப்பேடு தானாக நிரம்பட்டும், ஆனால் பஞ்சாயத்தில் அதை அப்படியே எல்லோருக்கும் காட்டும் பொத்தான் வேண்டாம். அவர் வாயால்தான் சொல்ல வேண்டும். அப்போதுதான் மறைக்கவும், மறக்கவும், தப்பாகச் சொல்லவும் இடம் இருக்கும்.

காலணி வகையை நிறத்தால் மட்டும் பிரிக்காதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் உண்டு. வடிவமும் வேறாக இருக்கட்டும்.

படி 9: சர்வரில் என்ன, போனில் என்ன

எல்லாத் தடயத்தையும் சர்வர்தான், அதாவது எல்லோருடைய போனும் இணையும் மையக் கணினிதான், உண்டாக்க வேண்டும். ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்பதை விநாடிக்கு இரண்டு தடவை குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர், பத்து நிமிட ஆட்டம் என்றால் 12,000 பதிவு. பதிவுக்கு 12 பைட் என்று வைத்தால் 144 கிலோபைட்தான், ஒரு சாதாரண போட்டோ அளவுகூட வராது. ஷட்டர், ஃபியூஸ், மூட்டை என்று யார் எதைத் தொட்டார்கள் என்பது தனிப் பட்டியல். துப்பறிகிறவர் குனிந்து பார்க்கும் அந்தக் கணத்தில் இந்தப் பதிவிலிருந்து தடயத்தைக் கணக்கிட்டு அனுப்புங்கள்.

அனுப்பும்போது கவனம். கால்தடத்தோடு மிதித்தவரின் அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்பிவிட்டுத் திரையில் மட்டும் மறைத்தால், மாற்றியமைத்த செயலி வைத்திருப்பவர் அதைப் படித்துவிடுவார். ‘ரப்பர் செருப்பு, கிழக்கு’ என்ற இரண்டு சொல்லுக்குமேல் போனுக்குப் போகவே கூடாது. நேரத்தையும் சர்வர் கடிகாரத்தில்தான் கணக்கிட வேண்டும், சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர்களிலிருந்து ஆடுகிறவர் போன் கடிகாரத்தை நம்பினால் நீர்க்குறி கணக்கே கெட்டுவிடும். இணைப்பு அறுந்து திரும்பி வந்தவருக்கு அவர் ஏற்கெனவே பார்த்த தடயத்தை மட்டும் மறுபடி காட்டுங்கள்.

படி 10: காகிதத்தில் ஆடி, அப்புறம் அளந்து பாருங்கள்

குறியீடு எழுதும் முன்னால் ஒரு சார்ட்டில் மேப் வரைந்து, புளியங்கொட்டையை ஆளாக வைத்து, ஒருவர் சர்வர் வேலை பார்க்க ஆடிப் பாருங்கள். சர்வராக உட்கார்ந்தவருக்கு ஒரு நோட்டு கொடுங்கள். அவர் எழுதித் தீர்க்க முடியாமல் திணறும் தடயத்தை ஆட்டக்காரர்களும் புரிந்துகொள்ளப் போவதில்லை.

கேம் ஓட ஆரம்பித்த பிறகு ஆட்டத்துக்கு ஆட்டம் நான்கு விஷயத்தைக் குறியுங்கள். முதல் பஞ்சாயத்தில் விலக்கப்பட்டவர் உண்மையான குற்றவாளியா? கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பேரில் ஒருவரைக் கைகாட்டினாலே ஐந்தில் ஒரு முறை சரியாக வரும், கருவி வந்த பிறகும் அந்த அளவிலேயே நின்றால் கருவி வேலை செய்யவில்லை. பத்தில் எட்டு முறை சரியாக வந்தால் கருவி வாயாடுகிறது. இரண்டாவது, ஒவ்வொரு கருவியையும் எத்தனை முறை எடுத்தார்கள். யாரும் தொடாத கருவிக்குப் பெரும்பாலும் விலை அதிகமாக இருக்கும் அல்லது இடம் தூரமாக இருக்கும், தகவலை ஏற்றும் முன்னால் இடத்தை மாற்றிப் பாருங்கள். மூன்றாவது, பஞ்சாயத்தில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள். துப்பறிகிறவர் மட்டும் பேசி மற்றவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்றால் ஏதோ ஒரு கருவி பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதைத் தேடிப் பிடித்துப் பாதியாக வெட்டுங்கள். நான்காவது, குற்றவாளிகள் மறைக்கும் வழிகளில் எதை எடுக்கிறார்கள். எல்லோரும் வாய்க்காலுக்குள்ளேயே நடந்தால் நனைந்த வேட்டி காய்வதற்கான நேரத்தைக் கூட்டுங்கள், எவரும் இறங்கவே இல்லையென்றால் குறையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.